விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வந்த பிறகு மெயிலும் நியூஸ்குரூப்பும்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத கணினியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று மாறி வருகிறார்கள். பிரௌசர் முதல் நாளே பழகிவிடும். அதற்கு வேண்டியதெல்லாம் இணையத்திலேயே இருக்கிறது. மெயில் அப்படி இல்லை. பல வருட மெயில் பழைய டிஸ்கில், பழைய மென்பொருளுக்கு மட்டுமே புரிகிற கோப்பில் கிடக்கும். இணையத்தின் பழைய கலந்துரையாடல் குழுக்களான நியூஸ்குரூப்களையும் வாசிக்கிறவர் என்றால் பாடு இரண்டு மடங்கு.

'லினக்ஸில் உருப்படியான மெயில் ரீடரே இல்லை' என்று சலித்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் தண்டர்பேர்டைப் போட்டுப் பார்த்து, எவல்யூஷனுக்குத் தாவி, அங்கிருந்து கிளாஸ் மெயிலுக்குப் போயிருப்பார்கள். அதே கோளாறு மூன்றிலும் கூடவே வந்திருக்கும். மெயில் எங்கே இருந்தது, எந்த வடிவத்தில் இருந்தது, சர்வர் எப்படிப்பட்ட நுழைவை ஏற்கிறது: சிக்கல் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான். அதனால் மென்பொருளை மாற்றும் முன் அறிகுறியைப் பாருங்கள். கீழே உங்கள் நிலைமைக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். பழைய விண்டோஸ் டிஸ்கை மட்டும் இப்போதைக்கு ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

கணக்கு சேர்ந்துவிட்டது, பழைய மெயிலைக் காணோம்

பழைய கணக்கு பாப் முறையில் இருந்திருக்கும். பாப் என்பது மெயிலைச் சர்வரிலிருந்து இறக்கிக் கணினியில் வைத்துக்கொள்ளும் முறை. 'சர்வரில் ஒரு பிரதி இருக்கட்டும்' என்ற இடத்தில் டிக் இல்லாவிட்டால், இறக்கியதும் சர்வரிலிருந்து அழித்தும்விடும். புதிய கணினியில் நீங்கள் ஐமேப் முறையில் சேர்த்திருப்பீர்கள். ஐமேப் சர்வரில் இருப்பதைத்தான் காட்டும்.

சோதிப்பது சுலபம். பிரௌசரில் வெப்மெயிலைத் திறந்து பாருங்கள். அங்கேயும் பழைய மெயில் இல்லையென்றால் அது பழைய டிஸ்கில் இருக்கிறது. அங்கே இருந்து, புதிய மென்பொருளில் மட்டும் தெரியவில்லையென்றால், அந்த ஃபோல்டர்களுக்கு 'சப்ஸ்கிரைப்' ஆகவில்லை என்று பொருள். கணக்கின் பெயர் மேல் வலது கிளிக் செய்து சப்ஸ்கிரைப் பட்டியலில் டிக் போட்டால் வந்துவிடும்.

டிஸ்கில்தான் இருக்கிறது, விண்டோஸும் இன்னும் பூட் ஆகிறது என்றால் ஒரு நல்ல வழி உண்டு. பழைய மென்பொருளிலேயே அதே முகவரியை ஐமேப் கணக்காக இன்னொரு முறை சேர்த்து, பழைய ஃபோல்டர்களை அதற்குள் காப்பி செய்யுங்கள். மெயில் சர்வருக்கு ஏறிவிடும், லினக்ஸில் தானாகத் தெரியும். காப்பிதான் செய்ய வேண்டும், நகர்த்தக் கூடாது. ஆண்டு வாரியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். மொத்தமாக இழுத்துப் போட்டால் பாதியில் நிற்கும், எது போனது எது போகவில்லை என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும். இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஜிமெயிலின் இலவசக் கணக்கில் டிரைவ், ஃபோட்டோஸ் எல்லாம் சேர்த்தே 15 ஜிபிதான்.

விண்டோஸ் பூட் ஆகவில்லை, டிஸ்க் மட்டும்தான் கையில் என்றால், பழைய மென்பொருள் எது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

அவுட்லுக் என்றால் பிஎஸ்டி கோப்பைத் தேடுங்கள். எவல்யூஷனுக்குப் பிஎஸ்டியை நேராக இறக்குமதி செய்யும் துணைப்பொதி ஒன்று உண்டு. உபுண்டு, டெபியன் இரண்டிலும் தனியாக நிறுவ வேண்டும். எவல்யூஷன் பிடிக்காதென்றால் ரீட்பிஎஸ்டி என்ற டெர்மினல் கருவி பிஎஸ்டியை ஃபோல்டர் வாரியாக எம்பாக்ஸ் கோப்புகளாகப் பிரித்துக் கொடுக்கும். எம்பாக்ஸை ஏறக்குறைய எல்லா லினக்ஸ் மெயில் ரீடரும் ஏதாவது ஒரு வழியில் வாங்கிக்கொள்ளும்.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்றால் டிபிஎக்ஸ் கோப்புகள். அன்டிபிஎக்ஸ் என்ற சிறு கருவி ஒவ்வொரு மெயிலையும் தனி இஎம்எல் கோப்பாகப் பிரித்துவிடும். விண்டோஸ் லைவ் மெயில் ஆரம்பத்திலிருந்தே இஎம்எல் கோப்பாகத்தான் வைத்திருந்தது என்பதால் பிரிக்கிற வேலையே இல்லை. இஎம்எல் குவியலைத் தண்டர்பேர்டுக்குள் கொண்டுவர இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற ஆட்-ஆனைப் போடுங்கள். உள்ஃபோல்டர்களோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது.

விண்டோஸ் 10இல் கூடவே வந்த 'மெயில்' செயலியைப் பயன்படுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் கவலை இல்லை. அதற்கான ஆதரவு 2024 டிசம்பர் 31இல் முடிந்தது, ஆனால் அது காட்டியதெல்லாம் சர்வரில் இருந்த மெயிலின் நகல்தான்.

தண்டர்பேர்ட் புரொஃபைலை அப்படியே கொண்டுவந்தேன், ஏற்க மாட்டேன் என்கிறது

விண்டோஸிலும் தண்டர்பேர்ட்தான் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் புரொஃபைல் ஃபோல்டரின் (மெயிலும் கணக்கு அமைப்புகளும் இருக்கும் ஃபோல்டர்) அமைப்பு ஒன்றுதான். விண்டோஸில் 'ஹெல்ப்' மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்தால் அந்த ஃபோல்டருக்கு வழி இருக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு முழு ஃபோல்டரையும் எடுத்துவர வேண்டும். மென்பொருளிலேயே ஏற்றுமதி வசதியும் உண்டு, ஆனால் புரொஃபைல் 2 ஜிபியைத் தாண்டினால் அது உதவாது. கையால் காப்பி செய்வதே மேல்.

காப்பி பாதியில் நின்றுவிடுகிறதா? பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுத முடியாது. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும், அதனால் பத்து வருட இன்பாக்ஸ் எளிதாக 4 ஜிபியைத் தாண்டும். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்றுங்கள். அல்லது விண்டோஸில் இருக்கும்போதே 'காம்பாக்ட் ஃபோல்டர்ஸ்' கொடுத்துப் பாருங்கள். அழித்த மெயில்கூட அதுவரை கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

'தண்டர்பேர்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பதில் தரவில்லை' என்று செய்தி வருகிறதா? உண்மையிலேயே ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடவில்லையென்றால் பெரும்பாலும் கோப்பு உரிமைச் சிக்கல்தான். ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) இருந்து காப்பி செய்திருப்பீர்கள், கோப்புகள் ரூட்டின் பெயரில் இருக்கும், உங்கள் பயனருக்கு எழுத உரிமை இருக்காது. முழு ஃபோல்டரின் உரிமையையும் உங்கள் பயனர் பெயருக்கு மாற்றினால் சரியாகிவிடும். விண்டோஸ் பார்ட்டிஷனிலேயே புரொஃபைலை விட்டுவிட்டு அங்கிருந்தே திறக்க முயன்றாலும் இதே செய்தி வரலாம். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' அந்தப் பார்ட்டிஷனைப் பாதி உறக்கத்தில் விட்டிருந்தால் லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே திறக்கும்.

புரொஃபைலைச் சரியான இடத்தில் போட்டும், புதிதாக நிறுவியதுபோல வெறுமையாகத் திறக்கிறதா? அந்த 'சரியான இடம்' எது என்பதில்தான் வம்பு. சாதாரண நிறுவலில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் தண்டர்பேர்ட் ஃபோல்டர்; கண்ட்ரோல்-எச் அழுத்தினால் கண்ணுக்குத் தெரியும். உபுண்டு 24.04 முதல் தண்டர்பேர்ட் ஸ்னாப் பொதியாக வருகிறது. அது ஹோமுக்குள் ஸ்னாப், தண்டர்பேர்ட், காமன் என்ற ஃபோல்டர்களுக்கு உள்ளே போய்த் தேடும். ஃபிளாட்பேக் என்ற இன்னொரு வகைப் பொதி என்றால் அதற்கும் வேறு இடம். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் முதல் இடத்தை மட்டுமே சொல்லும், அதை நம்பி அரை நாள் போய்விடும். மேலே சொன்ன டிரபிள்ஷூட்டிங் பக்கத்தை லினக்ஸிலும் திறந்து, அது எந்த ஃபோல்டரைக் காட்டுகிறதோ அதையே நம்புங்கள்.

ஃபோல்டர் பெயர்கள் வந்து உள்ளே ஒன்றுமில்லை என்றால், கணக்கு அமைப்பில் 'லோக்கல் டைரக்டரி' என்ற வரியைப் பாருங்கள். சி டிரைவில் இடம் போதவில்லை என்று ஒரு காலத்தில் மெயிலை டி டிரைவுக்கு மாற்றியிருப்பீர்கள். அந்த மெயில் புரொஃபைலுக்குள் இருந்திருக்காது, காப்பியிலும் வந்திருக்காது. டி டிரைவிலிருந்து அதை எடுத்துவந்து, இந்த வரியைப் புதிய இடத்துக்குத் திருப்புங்கள். மெயில் பட்டியல் தெரிகிறது, ஆனால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கிறது என்றால் அட்டவணைக் கோப்பு கெட்டிருக்கிறது: ஃபோல்டரின் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுங்கள். மெயில் எதுவும் போகாது.

புரொஃபைல் புதிய பதிப்பில் உருவானது என்று சொல்லித் திறக்க மறுத்தால், லினக்ஸில் இருக்கும் தண்டர்பேர்ட் விண்டோஸில் இருந்ததைவிடப் பழையது. கட்டாயப்படுத்தித் திறக்க ஒரு வழி உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்ட் சரிதான், உள்ளே விடவில்லை

இந்தக் கேள்விக்கு இப்போது பெரும்பாலும் ஒரே பதில்தான்: வெறும் பாஸ்வேர்டைப் பெரிய சர்வர்கள் ஏற்பதில்லை. ஜிமெயில் தனிநபர் கணக்குகளுக்கு அதை 2022 மே மாத இறுதியில் நிறுத்தத் தொடங்கியது. அவுட்லுக்.காம், ஹாட்மெயில் முகவரிகளுக்கு 2024 செப்டம்பர் 16 கடைசி. கணக்கு அமைப்பில் 'அதென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் 'நார்மல் பாஸ்வேர்ட்' என்று இருந்தால் ஓஆத்2 (பிரௌசர் போன்ற சன்னலில் நுழைந்து அனுமதி தரும் முறை) என்று மாற்றுங்கள். வாங்கும் சர்வருக்கு மாற்றிவிட்டு அனுப்பும் சர்வருக்கு மாற்ற மறந்துபோவது சகஜம். மெயில் வருகிறது, போகவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த வகை. மீதிப் பேர் 25ஆம் போர்ட்டை வைத்திருப்பார்கள். வீட்டு இணைப்புகளில் அதைப் பல நிறுவனங்கள் அடைத்துவிட்டன; 587 அல்லது 465 போடுங்கள்.

ஓஆத் சன்னல் திறந்து வெள்ளையாகவே நின்றால், தண்டர்பேர்டின் அமைப்பில் குக்கீகளுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மெயில் மென்பொருளுக்கு எதற்குக் குக்கீ என்று முன்பு எப்போதோ தடுத்து வைத்திருப்பீர்கள்.

கிளாஸ் மெயிலில் ஓஆத் இருக்கிறது, ஆனால் அதற்கு நீங்களே கூகுளிடமோ மைக்ரோசாஃப்ட்டிடமோ ஒரு செயலியாகப் பதிவுசெய்து அடையாள எண் வாங்க வேண்டும். மெயில் படிக்க நினைப்பவருக்கு இது அதிகப்படி. ஜிமெயில் என்றால் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்றை உருவாக்கிக் கொடுத்தால் போதும். அவுட்லுக்.காம் முகவரிக்கு அந்தக் குறுக்கு வழியும் அடைபட்டுவிட்டது. அலுவலகக் கணக்கு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் என்றால் எவல்யூஷனின் எக்ஸ்சேஞ்ச் துணைப்பொதி நெடுநாளாக நன்றாக உழைக்கிறது. தண்டர்பேர்டுக்கு 2025 நவம்பரில் வந்த 145ஆம் பதிப்பில்தான் சொந்தமாக எக்ஸ்சேஞ்ச் ஆதரவு கிடைத்தது.

கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் எவல்யூஷன் 'கீரிங்' (பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் பெட்டகம்) பாஸ்வேர்ட் கேட்டால், லாகின் பாஸ்வேர்ட் இல்லாமலே டெஸ்க்டாப் திறக்கும்படி அமைத்திருக்கிறீர்கள். லாகின் பாஸ்வேர்ட்தான் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி. தானியங்கி லாகினை நிறுத்துங்கள், கேள்வியும் நின்றுவிடும்.

தண்டர்பேர்ட் மட்டும் பழைய பாஸ்வேர்டுகளை எல்லாம் மறந்துபோனால், லாகின்ஸ்.ஜேசன் கோப்போடு கீ4.டிபி கோப்பும் வந்திருக்காது. இரண்டும் ஜோடி, ஒன்று இல்லாமல் மற்றது வெறும் கோப்பு.

தமிழ் மெயில் தமிழாகத் தெரியவில்லை

எப்படித் தெரியவில்லை என்று உற்றுப் பாருங்கள். காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

கட்டம் கட்டமாக இருந்தால் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். நோட்டோ சான்ஸ் தமிழோ லோஹித் தமிழோ நிறுவுங்கள்.

தலையில் கோடு போட்ட ரோமன் 'ஏ', அதை ஒட்டி வட்டத்துக்குள் 'ஆர்' என்ற பதிவு முத்திரை, இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் மெயில் யூனிகோடில்தான் இருக்கிறது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று பைட். அவற்றில் முதல் இரண்டும் பெரும்பாலான எழுத்துகளுக்கு ஒன்றே. அதை மேலை ஐரோப்பிய எழுத்தாக நினைத்துப் படித்தால் அந்த ஜோடிதான் வரும். தண்டர்பேர்டின் 'வியூ' மெனுவில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' கொடுத்தால் பெரும்பாலும் தமிழாகிவிடும்.

ஆங்கில வரிகள் நன்றாகத் தெரிந்து, தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் விதவிதமான ஐரோப்பிய எழுத்துகள் குழம்பிக் கிடந்தால், அந்த மெயில் யூனிகோடுக்கு முந்தைய காலத்தது. 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழர்கள் மெயிலில் எழுதியது திஸ்கி, டாப் போன்ற இருமொழிக் குறியாக்கங்களில். கீழ்ப்பாதி இடங்களில் ஆங்கிலம், மேல்பாதியில் தமிழ். விண்டோஸில் அந்த எழுத்துரு இருந்ததால் தெரிந்தது. லினக்ஸில் எழுத்துருவை நிறுவி ஒப்பேற்றுவதைவிட மாற்றிவிடுவது நல்லது. இங்கே லினக்ஸுக்கு ஒரு வசதி இருக்கிறது: அதோடு வரும் ஐகான்வ் கருவிக்குத் திஸ்கி தெரியும். மெயிலை இஎம்எல் கோப்பாகச் சேமித்து, திஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்றச் சொன்னால் போதும். கோப்பைத் திறந்தால் சமக்குறியும் அதை ஒட்டி இரண்டு இலக்கங்களோ ஆங்கில எழுத்துகளோ ஆக இருந்தால் அது கோட்டட்-பிரின்டபிள். முதலில் அதை அவிழ்த்துவிட்டுத்தான் ஐகான்வ். ஒரு எச்சரிக்கை: மெயிலைத் திரையிலிருந்து காப்பி செய்து ஒட்டி மாற்ற முயலாதீர்கள். அதற்குள் பைட்டுகள் மாறிப்போயிருக்கும்.

வெறும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் நடுநடுவே ஏராளமான அரைப்புள்ளிகளுமாக, எந்த மொழியிலும் படிக்க முடியாமல் இருந்தால் அது பாமினி. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் மிகப் பரவலாக இருந்த எழுத்துரு. அந்த அரைப்புள்ளிகள்தான் மெய்யெழுத்தின் புள்ளிகள். பாமினியும் டாப்பும் ஐகான்வுக்குத் தெரியாது. பைத்தானில் எழுதிய ஓப்பன்-தமிழ் நூலகத்தில் இவற்றுக்கான மாற்றிகள் இருக்கின்றன.

எல்லாம் கேள்விக்குறியாக இருந்தால் வருந்த மட்டுமே முடியும். மாற்றும்போது எழுத்துகள் அழிந்துவிட்டன. இது அதிகம் நடப்பது முகவரிப் புத்தகத்தில்: பழைய விண்டோஸ் மென்பொருள் சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்யும்போது தமிழ்ப் பெயர்களைக் கேள்விக்குறியாக்கிவிடும். அதனால்தான் பழைய டிஸ்கை அழிக்காதீர்கள் என்றேன். திரும்பப் போய் விகார்டு வடிவத்தில் எடுத்துவாருங்கள்.

வின்மெயில்.டாட் என்ற இணைப்பு மட்டும் வருகிறது

அனுப்புகிறவர் அவுட்லுக்கில் 'ரிச் டெக்ஸ்ட்' முறையில் அனுப்புகிறார். உண்மையான இணைப்புகள் அதற்குள் பொதிந்திருக்கும். எவல்யூஷனிலும் கிளாஸ் மெயிலிலும் இதைப் பிரிக்கும் துணைப்பொதி உண்டு, டிநெஃப் என்ற டெர்மினல் கருவியும் உண்டு. அனுப்புகிறவரிடம் எச்டிஎம்எல் முறைக்கு மாறச் சொல்வது இன்னும் நல்லது. கேட்பாரா என்பது வேறு விஷயம்.

நியூஸ்குரூப்பைச் சேர்க்க இடமே இல்லை

ஜியரி, கேமெயில், மேக்கின் ஆப்பிள் மெயில் எதிலும் நியூஸ்குரூப் கிடையாது. கேடிஇ டெஸ்க்டாப்பில் முன்பு கேநோட் என்று தனி ரீடர் இருந்தது, அதைக் கைவிட்டுவிட்டார்கள். தண்டர்பேர்டில் இருக்கிறது, ஆனால் மெயில் கணக்கு சேர்க்கும் சன்னலில் தேடினால் கிடைக்காது. கணக்கு அமைப்புப் பக்கத்தின் கீழே, வேறு வகைக் கணக்கு சேர்க்கும் பட்டியலில் 'நியூஸ்குரூப் அக்கவுண்ட்' என்று தனியாக இருக்கும். எவல்யூஷன், கிளாஸ் மெயில் இரண்டிலும் உண்டு.

கூகுள் குரூப்ஸ் வழியே பிரௌசரிலேயே வாசித்துவந்தவர்களுக்கு ஒரு தகவல்: 2024 பிப்ரவரி 22 முதல் அங்கே யூஸ்நெட்டில் (நியூஸ்குரூப்களின் வலையமைப்பு) புதிதாக எதுவும் வராது, எழுதவும் முடியாது. சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவின் பழைய சண்டைகளைத் தேடிப் படிக்கலாம், அவ்வளவே. இனி வாசிக்க ரீடரும் வேண்டும், சர்வரும் வேண்டும்.

சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பிழை

பழைய புரொஃபைலில் இருக்கும் சர்வர் செத்துப்போயிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் தன் நியூஸ் சர்வரை 2010இல் மூடத் தொடங்கியது. இணைய நிறுவனங்கள் பல அதற்கு முன்பே யூஸ்நெட்டைக் கைகழுவிவிட்டன. அந்தக் கணக்கை அழித்துவிட்டு எட்டர்னல் செப்டம்பர் சர்வரில் பதிவு செய்துகொள்ளுங்கள். இலவசம், எழுத்து மட்டுமே வரும் குழுக்கள் கிடைக்கும். மென்பொருள் திட்டங்களின் மடற்குழுக்களை வாசிக்கிறவர் என்றால் ஜிமேன் அவற்றை நியூஸ்குரூப் போலவே தருகிறது. அதன் நியூஸ் சர்வர் 2020 முதல் புதிய முகவரியில் இருக்கிறது, பழைய முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். லினக்ஸ் கெர்னலின் மடற்குழுக்களுக்கும் தனி நியூஸ் சர்வர் உண்டு. என்னைக் கேட்டால் இன்று நியூஸ் ரீடர் வைத்திருப்பதற்கு நல்ல காரணமே இந்த இரண்டும்தான்.

இணைப்பு கிடைக்கிறது, குழுப் பட்டியல் வரவில்லை

எண்ணைப் படியுங்கள். நியூஸ் சர்வர்கள் மூன்று இலக்க எண்ணோடுதான் பதில் சொல்லும், அந்த எண் பொய் சொல்லாது. 480 என்றால் பாஸ்வேர்ட் கேட்கிறது, உங்கள் ரீடர் கொடுக்கவில்லை. தண்டர்பேர்டில் அந்தக் கணக்கின் சர்வர் அமைப்பில் 'எப்போதும் அதென்டிகேஷன் கேள்' என்ற டிக் இருக்கிறது, அதைப் போட்டால் தீரும். 411 என்றால் அந்தப் பெயரில் இந்தச் சர்வரில் குழு இல்லை. 430 என்றால் அந்தக் கட்டுரை இல்லை. 440 வந்தால் எழுத உங்களுக்கு அனுமதி இல்லை. 441 வந்தால் அனுமதி உண்டு, நீங்கள் எழுதியதில் ஏதோ ஒன்றை ஏற்கவில்லை. பெரும்பாலும் அனுப்புநர் முகவரி சரியான வடிவத்தில் இருக்காது. எதுவுமே வராமல் தொங்கினால் போர்ட்டைப் பாருங்கள்: சாதாரண இணைப்புக்கு 119, டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்புக்கு 563. ஒன்றின் எண்ணைப் போட்டு மற்றதன் டிக்கை வைத்தால் தொங்கத்தான் செய்யும்.

எஸ்எல்ஆர்என் என்ற டெர்மினல் ரீடர் முதல் முறை சண்டித்தனம் செய்யும். சர்வர் பெயரை முதலில் என்என்டிபிசர்வர் என்ற சூழல் மாறியில் கொடுக்க வேண்டும். அப்புறம் 'கிரியேட்' சுவிட்சோடு ஒரு முறை ஓட்டிக் குழுப் பட்டியல் கோப்பை உருவாக்க வேண்டும். அதற்குப் பிறகு வம்பு செய்யாது.

படித்ததெல்லாம் படிக்காததாகத் திரும்பி வந்துவிட்டது

இது பலரை எரிச்சலூட்டும், காரணம் தெரிந்தால் எரிச்சல் குறையும். எதைப் படித்தீர்கள் என்பது நியூஸ்ஆர்சி என்ற சின்னக் கோப்பில் இருக்கிறது. அதில் இருப்பவை கட்டுரைகளின் வரிசை எண்கள், '1 முதல் 4210 வரை படித்தாயிற்று' என்பதுபோல. அந்த எண்ணை ஒவ்வொரு சர்வரும் தானாகப் போட்டுக்கொள்கிறது. ஒரே கட்டுரை ஒரு சர்வரில் 4210ஆகவும் இன்னொன்றில் 88ஆகவும் இருக்கும். ஆகவே அதே சர்வரில் தொடர்கிறீர்கள் என்றால் நியூஸ்ஆர்சியை எடுத்துவரலாம். தண்டர்பேர்டில் அது புரொஃபைலுக்குள் 'நியூஸ்' ஃபோல்டரில் இருக்கும். சர்வரையும் மாற்றிவிட்டீர்கள் என்றால் பழைய நியூஸ்ஆர்சி கெடுதல்தான் செய்யும், புதிய கட்டுரைகளைப் படித்ததாகக் காட்டி மறைத்துவிடும். அதைக் கொண்டுவராமல் விட்டுவிட்டு, குழுவில் எல்லாவற்றையும் 'படித்தாயிற்று' என்று குறித்து அன்றிலிருந்து தொடங்குங்கள்.

எழுதினால் திட்டுகிறார்கள்

மென்பொருள் கோளாறு இல்லை, ஆனால் மென்பொருளின் அமைப்பால் வருவது. தண்டர்பேர்ட் தானாக எச்டிஎம்எல் மெயில் எழுதும், நியூஸ்குரூப்பில் அது ஆகாது. நியூஸ் கணக்கின் 'கம்போசிஷன்' பக்கத்தில் எச்டிஎம்எல் டிக்கை எடுத்துவிடுங்கள், பதிலை மேற்கோளுக்குக் கீழே தொடங்கச் சொல்லுங்கள். கையொப்பத்துக்கு முன்னால் இரண்டு சிறுகோடும் ஒரு இடைவெளியும் தனி வரியில் வர வேண்டும். தண்டர்பேர்டும் லினக்ஸ் ரீடர்களும் இதைத் தாமாகச் செய்யும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இந்த விஷயங்களில் பெயர் கெட்டது. 'பிகின்' என்ற சொல்லில் தொடங்கி இரண்டு இடைவெளி விட்ட வரியைக்கூட இணைப்பு என்று எடுத்துக்கொண்டு மீதி மெயிலை விழுங்கிவிடும். அதிலிருந்து வந்தவர்கள் இதற்காகவே மாறியதற்கு மகிழலாம். கூடவே ஒன்று: பொதுவில் பதில் எழுத 'ஃபாலோ-அப்' பொத்தான். 'ரிப்ளை' அழுத்தினால் எழுதியவருக்குத் தனி மெயில் போகும்.

எல்லாம் ஓடுகிறது, இருந்தும் மனம் ஒட்டவில்லை

மேலே உள்ளவை எல்லாம் தீர்ந்த பிறகும் பிடிக்கவில்லையென்றால்தான் மென்பொருளை மாற்ற வேண்டும். அப்போதும் மெயிலையும் நியூஸையும் பிரித்துப் பாருங்கள். இரண்டையும் ஒன்றே செய்ய வேண்டும் என்பது அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பழக்கிவிட்ட எதிர்பார்ப்பு.

மெயிலுக்குத் தண்டர்பேர்டே பெரும்பாலானவர்களுக்குச் சரி. அலுவலக நாள்காட்டி, எக்ஸ்சேஞ்ச் என்று இருப்பவர்களுக்கு எவல்யூஷன். 2 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி என்றால் கிளாஸ் மெயில். மிக வேகமானது, ஒவ்வொரு மெயிலையும் தனிக் கோப்பாக வைப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். எச்டிஎம்எல் மெயில் எழுதவே முடியாது என்பதை அதன் குறை என்பார்கள், நான் நிறைவு என்பேன்.

நியூஸ்குரூப்பை எப்போதாவது எட்டிப் பார்ப்பவருக்குத் தண்டர்பேர்டில் இருப்பதே போதும். தினமும் வாசிக்கிறவருக்குப் போதாது. அதில் ஸ்கோரிங் கிடையாது. இன்னார் எழுதினால் மேலே வை, இந்தத் தலைப்பை மறை என்று புள்ளி போட்டு வரிசைப்படுத்த முடியாது. பான் என்ற நியூஸ் ரீடரில் முடியும்: கவனிக்க வேண்டியதற்கு 9999, கண்ணிலேயே படக்கூடாததற்கு கழித்தல் 9999. பானின் ஸ்கோர் கோப்பு எஸ்எல்ஆர்என் வடிவத்திலேயே இருப்பதால் பின்னால் இதிலிருந்து அதற்கு மாறினாலும் போட்ட விதிகள் வீணாகாது. ஆனால் தமிழில் வாசிக்கிறவர்கள் எஸ்எல்ஆர்என், டின் போன்ற டெர்மினல் ரீடர்களைத் தவிர்ப்பது நல்லது. பல டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும், வரி நீளமும் தவறும். ஈமேக்ஸை ஏற்கெனவே பயன்படுத்துகிறவர் என்றால் க்னூஸ் பாருங்கள், மெயிலும் நியூஸும் இரண்டும் அதில் உண்டு. ஈமேக்ஸ் தெரியாதவர் இதற்காக மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விண்டோஸ் காலத்து நியூஸ் ரீடர்களான ஃபோர்ட்டே ஏஜென்ட்டோ 40டியூட் டயலாகோதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் வைன் (விண்டோஸ் மென்பொருளை இயக்கும் கருவி) வழியாக அவற்றை லினக்ஸில் ஓட்டுகிறார்கள். முதலில் ஒரு வாரம் பானில் வாசித்துவிட்டு, அப்புறம் அதைச் செய்யுங்கள்.